கணவன் மனைவிக்கிடையே வியாபாரமும் ஒப்பந்தமும் (ஜும்ஆ பயான்)

 

இன்று ஒரு வியாபார விஷயத்தைப் பேசப் போகிறேன். ஆனால் இது கடைத்தெருவோடு முடிகிற விஷயம் அல்ல. வீட்டுக்குள் நுழைகிற விஷயம். பள்ளிவாசல் ஆபீஸ் ரூமுக்குள்ளும் நுழைகிற விஷயம். என்னுடைய ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் இமாமத் செய்து கொண்டிருந்தேன். அங்கே ஒரு கணவன் மனைவி. எந்த ஊர், யார் என்று யாரும் தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். அந்தப் பெண் தாய் வீட்டிலேயே தையல் கற்றவர். சீராகத் தையல் மெஷினும் கொண்டு வந்தார். நிக்காஹ்வுக்குப் பிறகு அக்கம் பக்கத்துப் பெண்களுக்குப் புர்கா தைத்துக் கொடுத்தார். நன்றாகப் போனது. கணவர் தன் பணத்தில் பஜாரில் ஒரு கடை பிடித்தார். அட்வான்ஸ் கொடுத்தார், சூரத்திலிருந்து துணி இறக்கினார், போர்டு வைத்தார். அவர் கல்லாவில், இவர் மெஷினில். 12 ஆண்டுகள் ஓடின.

பிறகு மனம் கசந்தது. பெண் குலா கேட்டார். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசினோம். கணவர் சம்மதித்தார். மஹரைத் திருப்பித் தர வேண்டும் என்றார், பெண் ஒப்புக்கொண்டார். இன்னொரு நிபந்தனையும் வைத்தார். இந்த ஊரிலும் சுற்றி 20 கிலோமீட்டரிலும் 5 ஆண்டுகளுக்குப் புர்கா தைக்கவோ விற்கவோ கூடாது, எதிர்க் கடை போட்டு என் பிழைப்பைக் கெடுத்துவிடுவாள் என்றார். அந்தப் பெண், "எனக்கு விடுதலை கிடைச்சாப் போதும்" என்று சொல்லி, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார். முத்தவல்லி கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன். பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்று எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு ரமளானில், பைத்துல்மால் உதவி கேட்டு ஒரு வயதான அம்மா வந்தார்கள். அந்தப் பெண்ணின் தாயார். மகள் ஒரு ரெடிமேட் கடையில் தினக்கூலிக்குத் துணி மடித்துக் கொண்டிருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், போதவில்லை என்றார்கள். நான் யோசிக்காமல், "உங்க மகளுக்குத் தையல் தெரியுமேம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சொன்னார்கள்: "தெரியும் ஹஜ்ரத். தைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க?"

அன்று இரவு தராவீஹ் தொழ வைக்கும்போது எனக்கு நாக்கு எழவில்லை. கொடுக்கிற கையாக இருந்த ஒரு கையை நாமே பூட்டிவிட்டு, பிறகு அதே கைக்கு ஜகாத் பணத்தில் அரிசி கொடுக்கிறோம். இது என்ன நியாயம்? அதன் பிறகுதான் கிதாபைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்திற்கு மரியாதை உண்டு, எல்லையும் உண்டு

அன்பானவர்களே! ஒப்பந்தத்தை மீறுவது முஃமினுக்கு அழகல்ல. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்திலேயே அல்லாஹ் கட்டளையிடுகிறான். வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று சூரத்துல் இஸ்ராவில் எச்சரிக்கிறான் (17:34). எனவே, பத்திரம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் காற்றில் விடலாம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஓர் எல்லை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் தங்களுக்குள் பேசிய நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்; ஆனால் ஹலாலை ஹராமாக்கும் நிபந்தனைக்கும், ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கும் அந்த மரியாதை கிடையாது. இந்தக் கருத்து திர்மிதியில் வருகிறது.

பரீரா (ரலி) அவர்களுடைய சம்பவம் உங்களுக்குத் தெரியும். அடிமையாக இருந்த அவர்களை விலைக்கு வாங்கி விடுதலை செய்ய ஆயிஷா நாயகி (ரலி) விரும்பினார்கள். எஜமானர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். காசு ஆயிஷா கொடுக்கட்டும், விடுதலை செய்தவருக்குரிய வலாஃ என்ற உரிமை மட்டும் எங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். நாயகம் (ஸல்) மக்கள் முன் எழுந்து நின்று, அல்லாஹ்வின் சட்டத்திற்கு முரணான நிபந்தனை செல்லாது, அப்படி நூறு நிபந்தனை போட்டாலும் செல்லாது என்று அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது.

கவனித்தீர்களா? அந்த விஷயத்தில் எஜமானர்கள் ஒருத்தியை விடுவிக்கும்போதே ஒரு கயிற்றைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். விட்ட பிறகும் பிடி இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நம்முடைய பத்திரத்திலும் அதே கயிறுதான் இருந்தது.

குலாவின் விலை எது?

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களுடைய மனைவி நாயகத்திடம் வந்தார்கள். என் கணவரின் குணத்தையோ தீனையோ நான் குறை சொல்லவில்லை, ஆனாலும் அவரோடு என்னால் வாழ முடியவில்லை என்றார்கள். மஹராக அவர் கொடுத்த தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று நாயகம் கேட்டார்கள். தருகிறேன் என்றார்கள். தோட்டத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடும்படி ஸாபித் அவர்களுக்கு உத்தரவிட்டார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ்.

தோட்டம் திரும்பியது. அவ்வளவுதான். இனி நீ மதீனாவில் வேறு தோட்டம் போடக் கூடாது, பேரீச்சம்பழம் விற்கக் கூடாது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது ஒன்று. கொடுக்காததைப் பறிப்பது வேறு. தையல் அந்தக் கணவர் கொடுத்ததா? அது அல்லாஹ் கொடுத்தது. தாய் வீட்டில் கற்றது.

நம் ஹனபி மத்ஹபின் கிதாபுகளில் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார்கள். பிணக்குக்குக் காரணம் கணவன் என்றால், குலாவுக்காக அவன் எதையும் வாங்குவது மக்ரூஹ். காரணம் மனைவி என்றால், கொடுத்ததற்கு மேல் வாங்குவது மக்ரூஹ். பணத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஐந்து ஆண்டு ஜீவனத்தை விலையாகக் கேட்பதை என்னவென்று சொல்வது?

சூரத்துன் நிஸாவின் 19 முதல் 21 வரையுள்ள வசனங்களை வீட்டில் போய் நிதானமாக ஓதிப் பாருங்கள். கொடுத்ததில் கொஞ்சத்தைப் பிடுங்குவதற்காகப் பெண்களை நெருக்கடியில் வைக்காதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். நீங்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழ்ந்தீர்களே, அவர்கள் உங்களிடம் உறுதியான உடன்படிக்கை வாங்கியிருக்கிறார்களே, பிறகு எப்படிப் பறிக்க மனம் வருகிறது என்று கேட்கிறான்.

"ஹஜ்ரத், அந்தப் பெண் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்பீர்கள். மூச்சு முட்டுகிறவன் கதவைத் திறப்பதற்காக எதையும் கொடுப்பான். அதற்குப் பெயர் சம்மதமா? வியாபாரத்தில் பரஸ்பரத் திருப்தி வேண்டும் என்கிறது குர்ஆன் (4:29). மஹரைக்கூட மனைவி மனமுவந்து விட்டுக் கொடுத்தால்தான் நீங்கள் அனுபவிக்கலாம் (4:4). அன்று அந்தப் பெண்ணின் முகத்தில் திருப்தி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

கணவனுக்கும் உரிமை இருக்கிறது

சகோதரர்களே! ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நீதியாகாது. அந்தக் கணவரின் பயத்திலும் நியாயம் இருந்தது. அட்வான்ஸ் அவருடையது. சரக்கு அவருடையது. கடையின் பெயரை 12 ஆண்டுகள் காப்பாற்றியிருக்கிறார். வாடிக்கையாளர்களின் நம்பர் எல்லாம் மனைவியின் போனில் இருக்கிறது. நாளைக்கு இவர் எதிரே கடை போட்டு, ஆர்டர் கொடுத்து முன்பணமும் கட்டியவர்களைக்கூட, "அதைக் கேன்சல் பண்ணிட்டு எங்கிட்ட வாங்க" என்று அழைத்தால்?

அது கூடாது. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் இன்னொருவர் குறுக்கே புகுந்து விற்பதை நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். கடையின் பெயரை எடுத்துக்கொள்வது, ஆர்டர் புத்தகத்தைக் கொண்டு போவது, "அவர் துணி சாயம் போகும்" என்று பொய் பரப்புவது, சேர்ந்து வாழ்ந்தபோது தெரிந்த ரகசியத்தை வெளியே விற்பது, இவையெல்லாம் அமானித மோசடி. குர்ஆன் கணவன் மனைவியை ஒருவருக்கொருவர் ஆடையாக வர்ணிக்கிறது (2:187). ஆடை கழற்றப்பட்ட பிறகும், அது மறைத்ததை மறைத்தே வைப்பதுதான் மானம்.

ஆகவே தராசை இப்படிப் பிடியுங்கள். கடையின் பெயர், சரக்கு, கையில் இருக்கும் ஆர்டர், கணக்கு, ரகசியம் ஆகியவற்றைப் பாதுகாக்கும் நிபந்தனை நியாயமானது. ஒரு மனிதருடைய கைத்திறனை, ஹலாலான பிழைப்பை, வாழும் ஊரிலேயே பூட்டுகிற நிபந்தனை அநியாயம். முதலாவது உன் சொத்தைக் காக்கிறது. இரண்டாவது அடுத்தவருடைய ரிஸ்க்கை அடைக்கிறது. பிறருக்குத் தீங்கும் செய்யக் கூடாது, தீங்குக்குத் தீங்கும் செய்யக் கூடாது என்ற நபிமொழி இரண்டு பேருக்கும் பொது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு வக்கீல் சகோதரரிடம் விளக்கம் கேட்டேன். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் சட்டப்படியான தொழிலோ வியாபாரமோ செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது அதன் சாரம். விதிவிலக்கும் உண்டு. தன் வியாபாரத்தின் நற்பெயரை விலைக்கு விற்றவர், வாங்கியவர் அந்தத் தொழிலை நடத்தி வரும் வரை, குறிப்பிட்ட நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். 1932 ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்திலும், கூட்டிலிருந்து விலகும் பங்குதாரர் குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்கோ போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்று ஒப்பந்தம் செய்ய இடமுண்டு. அந்தத் தடையும் நியாயமானதாக இருக்க வேண்டும்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தடை கேட்கிறவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் மனைவி உன் வியாபாரத்தில் பங்குதாரரா? ஆம் என்றால், கணக்குப் பார்த்து 12 ஆண்டின் பங்கைக் கொடு, நற்பெயருக்கும் விலை கொடு, பிறகு எல்லையைப் பேசு. இல்லை, அவள் சும்மா உதவிக்குத்தான் உட்கார்ந்தாள் என்றால், பங்கு இல்லாதவளிடம் பங்குதாரருக்குரிய கட்டுப்பாட்டை ஏன் கேட்கிறாய்? லாபம் பிரிக்கும்போது அவள் வேலைக்காரிகூட இல்லை. தடை போடும்போது மட்டும் பெரிய போட்டியாளரா? அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாய் பங்கும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மனைவி சம்பாதிப்பது யாருக்கு?

ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்கிறான் அல்லாஹ் (4:32). அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் ஆட்களை அமர்த்தி வியாபாரம் செய்தவர்கள். அவர்களுடைய சரக்கைத்தான் நாயகம் (ஸல்) ஷாமுக்குக் கொண்டு போனார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தங்கள் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தை தர்மம் செய்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுடைய மனைவி ஸைனப் (ரலி), என் பொருளைக் கணவருக்கே தர்மமாகக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலி உண்டு என்று நாயகம் பதில் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள். மனைவி கணவனுக்குக் கொடுப்பது தர்மமாகக் கணக்கிடப்படுகிறது என்றால், அந்தப் பணம் முதலில் அவளுடையது என்றுதானே பொருள்?

கணவன் மனைவிக்குள் போட்டியே கூடாதா? நம் நாயகமும் ஆயிஷா நாயகியும் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள். பிற்காலத்தில் நாயகம் முந்தி, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். அபூதாவூதில் வருகிறது. தோற்றவருக்கும் மகிழ்ச்சி தருகிற போட்டி அது. அடுத்தவரின் காலைக் கட்டிப்போட்டு ஜெயிப்பதற்குப் பெயர் பந்தயம் அல்ல.

மதீனாவின் கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ, பரக்கத் செய்யட்டும், கடைத்தெருவுக்கு வழி காட்டுங்கள் என்றார்கள். ஏற்கனவே அங்கே வியாபாரிகள் இருந்தார்கள். புதிதாக வந்தவன் எங்களுக்குப் போட்டி என்று யாரும் எழுதி வாங்கவில்லை. பக்கத்தில் ஒரு கடை வந்தால் ரிஸ்க் குறையும் என்று நினைப்பது ஈமானின் பலவீனம்.

சேர்ந்து இருக்கும்போதே எழுதுங்கள்

இப்போது மனைவியோடு சேர்ந்து தொழில் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் மஹல்லாவிலேயே மசாலாப் பொடி, கேக், மெஹந்தி, துணி என்று வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஒரே ஒரு வேலை செய்யுங்கள். இன்று நீங்கள் சந்தோஷமாக இருக்கும்போது உட்கார்ந்து எழுதுங்கள். முதல் யாருடையது? உழைப்புக்குச் சம்பளமா, லாபத்தில் பங்கா, அல்லது மனமுவந்த உதவியா? கடைப் பெயர் யாருடையது? ஜிபே பணம் யார் கணக்கில் சேருகிறது? ஜிஎஸ்டி யார் பெயரில்?

"பொண்டாட்டிகிட்ட போய் எழுத்தா?" என்று சிரிக்காதீர்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் (2:282). எழுத முடியாத பலவீனருடைய உரிமையும் நீதியோடு பதிவாக வேண்டும் என்று அதே வசனம் அக்கறை காட்டுகிறது. இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் மற்றவருக்கு மோசடி செய்யாத வரை அவர்களோடு மூன்றாவதாக நான் இருக்கிறேன் என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் குத்ஸியில் வருகிறது. அல்லாஹ் மூன்றாவதாக இருக்கிற கடையில் எழுதி வைக்க என்ன வெட்கம்?

நம் நிர்வாகத்தாரிடமும் இந்த மிம்பரில் நின்றே ஒரு வேண்டுகோள். இனி குலா, தலாக் பஞ்சாயத்தில், தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை வந்தால், பள்ளிவாசல் லெட்டர்பேடையும் சீலையும் எடுப்பதற்கு முன் நிறுத்துங்கள். பெண்ணைத் தனியாக, அவருடைய வாப்பாவையோ காக்காவையோ வைத்துக் கேளுங்கள். ஒரு ஆலிமிடம் கேளுங்கள், ஒரு வக்கீலிடம் கேளுங்கள். ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு மாதிரி. என் பேச்சை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கடைசியாக

அந்த ரமளான் முடிந்ததும் அந்தக் கணவரைப் பார்க்கப் போனேன். கடையில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "நீங்கதானே ஹஜ்ரத் சாட்சி போட்டீங்க?" என்றார். "ஆமாம் பாய். அந்தச் சாட்சியம் எனக்கு மறுமையில் பாரமாகிவிடும். அதைத் திருப்பி வாங்கத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உங்களுக்கிடையே இருந்த நன்மையை மறந்துவிடாதீர்கள் என்று பிரிவைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அல்லாஹ் நினைவூட்டுகிறான் (2:237), அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து முத்தவல்லிக்குப் போன் செய்தார். புதிதாக ஒரு தாள் எழுதினோம். அந்தப் பெண் தைக்கலாம், விற்கலாம். பழைய கடையின் பெயரைச் சொல்லக் கூடாது. கடையில் ஆர்டர் கொடுத்தவர்களைத் திருப்பக் கூடாது. கடையிலேயே தங்கிவிட்ட அவருடைய சீர் மெஷினை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. தான் தப்புச் செய்தோம் என்று ஒப்புக்கொள்ள ஒரு வியாபாரிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் தெரியுமா!

ஆனால் அந்த மூன்று ஆண்டுகள்? அந்தப் பிள்ளைகள் கஷ்டப்பட்ட மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் அவருடைய தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்ததாகச் சொன்னார்கள். அல்லாஹ்விடம் இன்னும் கேட்டுக் கொண்டிருக்கிறேன். நீங்களும் எனக்காகக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எங்கள் இல்லங்களில் அன்பையும் கருணையும் நிலைக்கச் செய்வாயாக! சேர்ந்து வாழ்ந்தால் நல்ல முறையிலும், பிரிய நேர்ந்தால் அழகிய முறையிலும் நடந்துகொள்ளும் பண்பைத் தருவாயாக! யாருடைய ரிஸ்க்கின் வாசலையும் எங்கள் கைகள் அடைக்காமல் பாதுகாப்பாயாக! அறியாமல் நாங்கள் போட்ட கையெழுத்துகளையும், சொன்ன சாட்சிகளையும் மன்னிப்பாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.